இடைக்கால மத்தியதரைக் கடல் துறைமுகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியதரைக் கடலின் பழைய வாணிகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முன்பே விளக்கியதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறோம், திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இடைக்காலம்னா எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை? அந்தக் கடலைச் சுற்றி யாரெல்லாம் இருந்தாங்க?

தோராயமாகக் கி.பி. 600 முதல் 1500 வரை என்று வைத்துக்கொள்ளலாம். வடகிழக்கில் கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசு; அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள்தான் இன்றைய இஸ்தான்புல். தெற்கிலும் கிழக்கிலும் எகிப்து, துனிசியா, சிரியா, தென் ஸ்பெயின் என்று அரபு மொழி ஆட்சிகள். வடமேற்கில் வெனிஸ், ஜெனோவா, பிசா, பார்சலோனா போன்ற லத்தீன் கிறிஸ்தவ நகரங்கள்.

இவர்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள், ஓயாமல் வியாபாரமும் செய்தார்கள். ஒன்று நின்றால்தான் மற்றொன்று நடக்கும் என்பதில்லை. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் சிலுவைப் போராளிகளோடு போரிட்டுக்கொண்டிருந்த 1183இல், கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குக் கிளம்பிய இப்னு ஜுபைர் என்ற முஸ்லிம் அதிகாரி ஏறியது கிறிஸ்தவர்களின் ஜெனோவாக் கப்பலில். அவர் நாள்வாரியாக எழுதிவைத்த குறிப்புகள் இந்தப் பக்கத்தில் பல இடங்களில் வரும்.

2. துறைமுகம்னா கப்பல் ஒட்டி நிற்கிற மேடைதானே? அப்பவும் அப்படித்தானா?

பெரும்பாலான ஊர்களில் இல்லை. பார்சலோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு மத்தியதரைக் கடலின் பெரிய வாணிக நகரங்களில் ஒன்று. ஆனால் அதற்கு இருந்தது திறந்த மணல் கடற்கரை மட்டுமே. கப்பல் தள்ளி நங்கூரம் போடும், தோணிகள் போய் சரக்கை இறக்கி வரும், கரையில் சுமைதூக்கிகள் முதுகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். 1329இல் தொடங்கிய சாந்தா மரியா தெல் மார் தேவாலயத்துக்குக் கல் சுமந்தவர்களும் இதே சுமைதூக்கிகள்தான். அலைத்தடுப்புச் சுவர் கட்ட 1439 வாக்கில் எடுத்த முயற்சி தோற்றது. 1477இல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

ஆக்கர் (அரபியில் அக்கா, இன்றைய இஸ்ரேலின் வட கடற்கரை) துறைமுகத்துக்குச் சுவர் இருந்தது. ஆனாலும் சின்னக் கலங்கள்தாம் உள்ளே போகும், பெரியவை வெளியே நிற்கும் என்று இப்னு ஜுபைர் எழுதுகிறார். ஒரு மாலுமி துறையில் பார்ப்பது நான்கு விஷயம்: எந்தக் காற்றுக்கு அது மறைவு, அடித்தரை நங்கூரத்தைப் பிடிக்குமா (சேறும் மணலும் பிடிக்கும், வழுவழுப்பான பாறை பிடிக்காது), நல்ல தண்ணீர் கிடைக்குமா, சரக்கை இறக்கவும் எண்ணவும் காக்கவும் ஆள் உண்டா. கல் மேடை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தோணி போதும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தத் துறைக்குக் கப்பல் வராது.

3. வருஷம் முழுக்கக் கப்பல் ஓடுமா?

பொதுவாக ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. குளிர்காலத்தில் புயல் ஒரு காரணம். அதைவிட, நாள்கணக்கில் மேகம் மூடி சூரியனும் நட்சத்திரமும் தெரியாமல் திசை தவறிப்போவது பெரிய காரணம்.

கோடையில் அந்தக் கடலில் அடிப்பது பெரும்பாலும் வடமேற்குக் காற்று. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போவது சுலபம், திரும்பி வருவதுதான் பாடு. இப்னு ஜுபைர் 1183 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையிலுள்ள ஸியூட்டாவில் ஏறி 30 நாளில் அலெக்சாந்திரியா சேர்ந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 18இல் ஆக்கரிலிருந்து கிளம்பியவர், ஏழு வாரம் அலைந்து சிசிலியின் மெசினா கரையில் கப்பல் உடைந்துதான் இறங்கினார். ஆக்கரில் மேற்கே போவதற்கான கொண்டல் காற்று ஆண்டுக்கு இரண்டே தடவைதான் கிடைக்கும் என்று காரணத்தையும் அவரே சொல்கிறார்: ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை ஒன்று, அக்டோபர் நடுவில் ஒரு பதினைந்து நாள் இன்னொன்று. அதைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை கரையில் கிடக்க வேண்டியதுதான். துறைமுக ஊர்களில் தங்கும் விடுதிகள் ஏன் அத்தனை பெரிதாக இருந்தன என்பதற்கு இதுதான் விடை.

4. ஏன் எல்லாரும் வடகரையை ஒட்டியே போனாங்க? ஆப்பிரிக்கக் கரை நேர்வழிதானே?

வடகரையில் மலைகள் தூரத்திலிருந்தே தெரியும், தீவுகள் மறைவு தரும், ஒதுங்க விரிகுடாக்கள் நிறைய. எகிப்திலிருந்து லிபியா வரை தென்கரை தாழ்வானது. கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குப் படும், அதற்குள் மணல்திட்டில் தட்டிவிடும். வடமேற்குக் காற்று வேறு கப்பலை அந்தக் கரைமேலேயே தள்ளும். நீரோட்டமும் எகிப்து, சிரியாக் கரையோரமாக வடக்கே ஏறி மேற்கே திரும்புகிறது. திரும்பி வரும் கப்பலுக்கு அது கைகொடுக்கும்.

இந்தக் காரணங்களால்தான் கோர்ஃபு, மோதோன், கோரோன், கிரீட், ரோட்ஸ் என்ற வரிசை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. மோதோனையும் கோரோனையும் தன் இரு கண்கள் என்றே வெனிஸ் சொல்லிக்கொண்டது. கிரேக்கத்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் அந்த இரண்டு சின்ன ஊர்களைக் கடக்காமல் கிழக்கே போகும் வெனிஸ் கப்பல் கிடையாது.

5. கப்பல் எவ்வளவு பெரிசு? எவ்வளவு சரக்கு ஏறும்?

சராசரிக் கலம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. துருக்கியின் தென்மேற்கில், ரோட்ஸ் தீவுக்கு எதிரே உள்ள செர்ச்சே லிமானி என்ற விரிகுடாவில் 1025ஐ ஒட்டி மூழ்கிய கப்பலை 1977 முதல் 1979 வரை கடலடியில் அகழ்ந்தார்கள். நீளம் 15 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 5 மீட்டர் சொச்சம். ஏற்றக்கூடிய பாரம் 35 டன் போல. அதில் 3 டன் கண்ணாடி இருந்தது. உருக்குவதற்கான கட்டிகளும், மறுபடி உருக்க எடுத்துப்போன உடைசல்களும்.

அந்தச் சின்னக் கப்பலில் 8 இரும்பு நங்கூரங்கள். இவ்வளவு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். அக்காலத்தில் சிறு இரும்புத் துண்டுகளைக் காய்ச்சி அடித்து ஒட்டித்தான் நங்கூரத் தண்டு செய்தார்கள். ஒட்டு எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே முறியும். பாறையில் சிக்கினால் கயிற்றை அறுத்துவிட்டுப் போக வேண்டும். ஆகவே கைவசம் பல இருக்க வேண்டும். இந்தக் கப்பலும் போட்டிருந்த நங்கூரம் முறிந்து பாறையில் மோதியே மூழ்கியது.

மறுகோடியில் வெனிஸின் பெரிய வாணிகக் காலிகள் (பாயோடு துடுப்பும் உள்ள நீண்ட கப்பல்கள்): 40 மீட்டர் நீளம், 150 டன் அளவுக்குச் சரக்கு, துடுப்பாட்களும் வில்லாளிகளுமாக 200 பேர். அவற்றுக்குப் பெரிய தொல்லை குடிதண்ணீர். ஆளுக்கு 4 லிட்டர் என்று வைத்தாலே நாளைக்கு 800 லிட்டர்; கோடையில் துடுப்பு வலிப்பவனுக்கு அது போதாது. சில நாளுக்கு ஒருமுறை கரை தொட்டே ஆக வேண்டும். 4ஆம் கேள்வியில் சொன்ன ஊர்வரிசைக்கு இதுவும் காரணம்.

6. கப்பல் கட்டும் முறை மாறிச்சுன்னு சொல்றாங்களே, என்ன மாறிச்சு?

பழைய முறையில் முதலில் பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து, துளையும் நாக்குமாகக் கோத்துக் கப்பலின் வெளிக்கூட்டை உருவாக்குவார்கள். விலாச்சட்டம் பிறகு உள்ளே போகும். மரமும் வேலைநாளும் ஏராளமாகப் பிடிக்கும். துருக்கிக் கரையின் யஸ்ஸியடா தீவருகே 625ஐ ஒட்டி மூழ்கிய பைசாந்தியக் கப்பல் பாதிவழியில் நிற்கிறது: நீர்மட்டத்துக்குக் கீழே கோப்பு வேலை, மேலே சட்டத்தில் நேராக அடித்த பலகை. செர்ச்சே லிமானிக் கப்பலில் சட்டம் முதலில், பலகை பிறகு. கைதேர்ந்த தச்சர் சிலர் சட்டங்களை நிறுத்திவிட்டால் பலகை அடிக்கச் சாதாரண ஆள் போதும். கப்பலின் விலை குறைந்ததால் நடுத்தர வியாபாரிகளும் கப்பலில் பங்கு வாங்க முடிந்தது.

7. கடலுக்குள்ள சுவர் எப்படிக் கட்டினாங்க? தண்ணிக்குள்ள கடைகால் எப்படிப் போடறது?

ரோமானியர்கள் எரிமலைச் சாம்பல் கலந்த சுண்ணாம்புச் சாந்தை நீருக்குள்ளேயே கெட்டிப்படுத்தத் தெரிந்தவர்கள். அந்த அளவில் அதை இடைக்காலத்தில் செய்யவில்லை. வேறு வழி கண்டார்கள். 9ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இப்னு தூலூன், தீருவின் (இன்றைய லெபனான் கரையிலுள்ள ஊர்) துறைமுகம் போல ஆக்கருக்கும் ஒன்று வேண்டும் என்றார். தண்ணீருக்குள் அடித்தளம் போடத் தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் யாருமில்லை. ஜெருசலேமில் அபூபக்கர் என்ற கட்டடக் கலைஞர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துவந்தார்கள். அவருடைய பேரன்தான் புவியியலாளர் அல்-முகத்தசி. 985 வாக்கில் தாத்தாவின் வேலையை ஒவ்வொரு படியாக எழுதிவைத்தார்.

முதலில் தடித்த காட்டத்தி மர உத்திரங்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கட்டவேண்டிய சுவரின் அளவுக்கு ஒன்றோடொன்று பிணைத்தார். மேற்கில் பெரிய வாயில் ஒன்றுக்கு இடம் விட்டார். அந்த மிதவையின் மேலேயே கல்லும் சாந்தும் வைத்துக் கட்டத் தொடங்கினார். ஐந்து வரிசைக்கு ஒருமுறை பெரிய தூண்களைக் குறுக்கே வைத்து இறுக்கினார். பாரம் ஏற ஏற மிதவை கீழே இறங்கியது. அடிமணலில் உட்கார்ந்ததும் ஒரு வருஷம் முழுக்க வேலையை நிறுத்தினார், கட்டடம் தன் எடையிலேயே நன்றாக அமுங்கட்டும் என்று. அமுங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பழைய மதில் வந்த இடத்தில் அதற்குள் நுழைத்துக் கட்டி இணைத்தார். கூலி 1000 தினார், பட்டாடை, குதிரை. சுவரில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது.

நம் ஊரில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேலே பாரம் ஏற்றினால் கீழே இறங்கும் என்ற அதே கணக்குதான். இதில் உயிர்நாடி அந்த ஒரு வருஷக் காத்திருப்பு. காத்திருக்காமல் மேலே கட்டியிருந்தால் மணல் ஒரு பக்கம் இளகி, சுவர் சாய்ந்து பிளந்திருக்கும். இன்றைய குரோஷியாவிலுள்ள துப்ரோவ்னிக்கில் 1480களில் வேறு வழி செய்தார்கள்: உத்திரங்களால் பெரிய பெட்டிகள் கோத்து, கடலில் இறக்கி, கல்லால் நிரப்பினார்கள்.

8. துறைமுக வாயைச் சங்கிலி போட்டு மூடினது நிஜமா, கதையா?

நிஜம். முன் பதிலில் வந்த ஆக்கர் வாயிலுக்குக் குறுக்கே இரவுதோறும் சங்கிலி இழுத்தார்கள், தீருவில் செய்வது போலவே. துனிசியாவின் மஹ்தியாவில் பாறையைக் குடைந்து வெட்டிய துறைமுகத்துக்கும் இரண்டு கோபுரங்களுக்கிடையே சங்கிலி உண்டு. அகலமான வாயில் இரும்பு தன் எடையாலேயே நடுவில் தொய்ந்து மூழ்கும்; ஆகவே கான்ஸ்டான்டிநோபிளின் தங்கக் கொம்பு என்ற விரிகுடாவின் நுழைவாயிலில் மரமிதவைகள் மேல் தாங்கினார்கள். போர்க்காலம் மட்டுமல்ல, அன்றாடமும் அது பயன்பட்டது: சுங்கம் கட்டாமல் இருட்டில் நழுவப் பார்க்கும் கப்பலுக்கும் அதுதான் கதவு.

சங்கிலியின் பலம் கரையில் அதைக் கட்டியிருக்கும் கோபுரத்தின் பலம்தான். 1203இல் சிலுவைப் போராளிகள் கலாத்தா கோபுரத்தைப் பிடித்த பிறகே சங்கிலி விழுந்தது. 1453 ஏப்ரல் 22இல், அதே நகரை முற்றுகையிட்டிருந்த உஸ்மானியச் சுல்தான் மெஹ்மத் அதைத் தொடவே இல்லை. கப்பல்களைத் தரைவழியாக இழுத்து மறுபக்கம் இறக்கினார். பிசாவின் துறைமுகச் சங்கிலியை 1290இல் ஜெனோவாக்காரர்கள் வெட்டி எடுத்துப்போய்த் தங்கள் ஊர் வாசல்களில் தொங்கவிட்டார்கள். அது பிசாவுக்குத் திரும்பியது 1860இல்.

9. ஒரு கப்பல் அலெக்சாந்திரியாவுக்கு வந்தா முதல்ல என்ன நடக்கும்? படிப்படியா சொல்லுங்க.

கலம் கண்ணில் பட்டதும் அதிகாரிகள் படகில் ஏறி வருவார்கள். எங்கிருந்து வருகிறது, யார் யார், என்ன சரக்கு என்று எழுத்தர் பதிவார். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்தில் (1250க்குப் பிறகு) பாயையும் சுக்கானையும் கழற்றிக் கரைக்கு எடுத்துப்போய்விடுவார்கள். பாக்கி தீர்த்தால்தான் திரும்பக் கிடைக்கும். செய்தி புறாக்காலில் கட்டப்பட்டுக் கெய்ரோவுக்குப் பறக்கும். கிறிஸ்தவக் கப்பல்களுக்குக் கிழக்குத் துறை, முஸ்லிம் கப்பல்களுக்கு மேற்குத் துறை.

அடுத்து சுங்கச்சாவடி. இப்னு ஜுபைர் இங்கேதான் மனம் கசந்தார். சரக்கையும் சாப்பாட்டு மூட்டையையும் ஒன்றாகக் குவித்தார்கள், இடுப்புத் துணிக்குள் கைவிட்டுத் தேடினார்கள், வேறு எதுவும் மறைக்கவில்லை என்று சத்தியம் வாங்கினார்கள், நெரிசலில் பல பொருள் காணாமற்போனது. ஹஜ்ஜுப் பயணிகளை இப்படி நடத்துவது சலாஹுத்தீனுக்குத் தெரிந்திருக்காது என்று எழுதுகிறார். அதே மனிதர் அடுத்த ஆண்டு சிலுவைப் போராளிகளின் ஆக்கரில் சுங்கம் கட்டினார். அங்கே கருங்காலி மசிக்கூடுகளோடு கம்பளத்தில் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் எழுதினார்கள், மரியாதையாக நடத்தினார்கள் என்று ஒளிக்காமல் பதிகிறார்.

சுங்கம் முடிந்தால் தரகரும் துபாஷியும் வருவார்கள். இவர்கள் அரசிடம் பதிந்தவர்கள், கூலி நிர்ணயமானது. பெரிய சரக்கு பல சமயம் சுங்கச்சாவடியிலேயே ஏலத்தில் போகும். விற்பனையும் வரியும் ஒரே ஏட்டில் ஏறும். அதனால்தான் இந்த ஊரில் கள்ளக்கணக்கு எழுதுவது கடினம்.

10. ஃபுந்துக், ஃபொந்தாக்கோன்னு ரெண்டு பேர் வருதே. சத்திரமா, கிட்டங்கியா?

இரண்டும் சேர்ந்தது. சத்திரத்தைக் குறித்த கிரேக்கச் சொல் அரபியில் ஃபுந்துக் ஆகி, இத்தாலியனில் ஃபொந்தாக்கோ ஆயிற்று. நடுவில் முற்றம், கீழ்த்தளத்தில் சரக்கறைகள், மேலே படுக்கும் அறைகள். வெளிநாட்டாருக்கு நாட்டுக்கொன்று, வெனிஸுக்கு அலெக்சாந்திரியாவில் இரண்டு இருந்தன. உள்ளே சொந்த வழிபாட்டிடம், அடுப்பு, எடைக்கோல், தங்கள் ஊர் வழக்கைத் தீர்க்கும் கான்சல். ராத்திரியிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்திலும் கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். அதைச் சிறையென்றும் சொல்லலாம், காப்பென்றும் சொல்லலாம். வியாபாரிகள் அந்தப் பூட்டை ஏற்றுக்கொண்டார்கள், களவு போனால் பொறுப்பு பூட்டியவருடையது என்பதால். இதே ஏற்பாட்டை வெனிஸ் தன் ஊருக்கு வந்த ஜெர்மானியர்களுக்கு 1228 முதல் செய்தது.

11. எடை அளவு ஊருக்கு ஊர் வேறன்னா எப்படிச் சமாளிச்சாங்க?

ஊருக்கு ஊர் மட்டுமல்ல, சரக்குக்குச் சரக்கும் வேறு. எகிப்தில் மிளகு நிறுக்கும் கன்தார் என்ற எடையளவு சுமார் 45 கிலோ. ஜர்வி கன்தார் என்பது சுமார் 96 கிலோ. விலை பேசும்போது எந்தக் கன்தார் என்று சொல்லாமல் விட்டால் பாதிக்குப் பாதி அடிவாங்கும். புது வியாபாரி ஏமாறும் முதல் இடம் இதுதான்.

ஆகவே கைப்பெட்டியில் பல ஊர் எடைக்கற்களை வைத்திருப்பார்கள். 5ஆம் கேள்வியின் கப்பலில் பைசாந்திய எடைகளும் அப்போது எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர்களின் கண்ணாடி எடைகளும் சேர்ந்தே கிடைத்தன. யஸ்ஸியடாக் கப்பலில் கிடைத்த தூக்குக்கோலில் கப்பல் தலைவர் கெயோர்கியோஸின் பெயர் பொறித்திருக்கிறது. 1340 வாக்கில் ஃபிளாரன்ஸ் வங்கி ஒன்றின் அலுவலர் பெகொலொத்தி, துறைமுகம் துறைமுகமாக எடை, நாணயம், கட்டணம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் கையேடு தொகுத்தார்.

12. பணம் போட்டவர் ஒருத்தர், கப்பலில் போனவர் இன்னொருத்தர்னா லாபம் எப்படிப் பிரியும்?

இத்தாலிய நகரங்களில் இதற்கு கொமெந்தா என்று பெயர். முதல் முழுவதையும் ஊரில் இருப்பவர் போடுவார், மற்றவர் பயணம் போவார். லாபத்தில் முக்கால் முதல் போட்டவருக்கு, கால் போனவருக்கு. முதல் 100, லாபம் 40 என்றால் 30க்கு 10. போகிறவரும் மூன்றில் ஒரு பங்கு முதல் போட்டிருந்தால் லாபம் சரிபாதி. ஒப்பந்தம் ஒரு பயணத்துக்கு மட்டும். திரும்பியதும் கணக்கு முடித்துக் கிழித்துவிடுவார்கள். ஜெனோவாவின் ஆவண எழுத்தர் ஜொவான்னி ஸ்க்ரீபா 1154 முதல் 1164 வரை எழுதிய ஏட்டில் இத்தகைய ஒப்பந்தங்கள் நிறைய இருக்கின்றன.

கப்பல் மூழ்கினால் முதல் போட்டவருக்குப் பணம் போயிற்று, போனவருக்கு உழைப்பு போயிற்று. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட முடியாது. கப்பல் பத்திரமாக வந்தால் மட்டும் வட்டியோடு திருப்பும் கடல்கடனும் இருந்தது. போப் 9ஆம் கிரகோரி அதை வட்டித்தொழில் என்று கண்டித்ததும் வியாபாரிகள் வேறு வடிவம் தேடினார்கள். ஆபத்தை மட்டும் தனியாக விலைபேசும் காப்பீடு அப்படித்தான் உருவானது. ஜெனோவாவில் 1347இல் எழுதிய ஒன்று வெளிப்பார்வைக்குக் கடன்பத்திரம் போலவே இருக்கும்.

13. புயலில் சரக்கைக் கடலில் எறிஞ்சா, எறியப்பட்டவனுக்கு மட்டும்தான் நஷ்டமா?

இல்லை. ரோட்ஸ் கடல்சட்டம் என்று பைசாந்தியர் தொகுத்த விதிகளின்படி, கப்பலைக் காப்பாற்ற எறிந்த சரக்கின் நஷ்டத்தைத் தப்பிய சரக்கும் கப்பலும் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

தகராறு வருவது "எறிந்தே தீர வேண்டியிருந்ததா" என்பதில். பார்சலோனா, வலென்சியா துறைகளில் நடந்த கடல்வழக்குகளின் விதி இதற்கு ஒரு நல்ல முறை வைத்திருந்தது. கப்பல் தலைவர் எழுத்தர் முன்னிலையில் வியாபாரிகளைக் கூட்டி நிலைமையைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால், முதல் பொருளை ஒரு வியாபாரியே தன் கையால் எடுத்து எறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் மாலுமிகள் தொடலாம். பிறகு கரையில் "தலைவன் அவசரப்பட்டான்" என்று யாரும் சொல்ல முடியாது. தளத்தின் மேல் அளவுக்கு மீறிக் குவித்த சரக்குக்கு மட்டும் பல இடங்களில் இந்தச் சலுகை கிடையாது.

14. தூரத்து ஊரில் இருக்கும் கூட்டாளியை எப்படி நம்பினாங்க?

கடிதத்தால். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா யூத ஆலயத்து அறையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்துண்டுகள் பல நூற்றாண்டு கிடந்தன. கடவுளின் பெயர் எழுதியிருக்கலாம் என்பதால் எறியாமல் சேர்த்துவைத்தவை. அவற்றில் 11, 12ஆம் நூற்றாண்டு வியாபாரக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில். மொழி அரபி, எழுத்து எபிரேயம்.

ஒரே கடிதத்தைப் படியெடுத்து வேறுவேறு கப்பலில் அனுப்புவார்கள். ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று சேரும். சரக்கையும் பல கப்பலில் பிரிப்பார்கள். பொதிமேல் பெயர் எழுதித் தைப்பார்கள், கடிதத்தில் பொதி எண்ணிக்கையும் எடையும் கப்பல் பெயரும் இருக்கும். ஒருவன் கணக்கில் புரட்டினால் அது அலெக்சாந்திரியாவிலும் பலெர்மோவிலும் மஹ்தியாவிலும் ஒரே பருவத்தில் பரவிவிடும், பிறகு அவனிடம் யாரும் சரக்குக் கொடுக்கமாட்டார்கள். கடற்கொள்ளையரிடம் பிடிபட்டவரை மீட்க ஆளுக்கு 33⅓ தினார், அதாவது மூவருக்கு 100 என்ற வழக்கமான விலையைச் சமூகமே வசூலித்துக் கட்டியதும் இந்தத் தாள்களில் தெரிகிறது.

15. வெனிஸுக்குப் போன மிளகு நம்ம பக்கத்திலிருந்து போனதுதானா?

பெரும்பகுதி மலபார்க் கரையுடையது. வழி இப்படி: மலபாரிலிருந்து பருவக்காற்றில் ஏடன், செங்கடலில் அய்தாப், அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி நைல் கரையிலுள்ள கூஸ், படகில் ஃபுஸ்தாத், பிறகு அலெக்சாந்திரியா. அங்கேதான் வெனிஸ்காரர் வாங்குவார். துனிசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜூ 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூரில் இருந்து வியாபாரம் செய்தார். அவருக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்களும் முன் கேள்வியில் சொன்ன அறையில்தான் கிடைத்தன.

இலங்கையும் இதில் உண்டு. முதலாம் புவனேகபாகு 1283இல் எகிப்துச் சுல்தான் கலாவூனிடம் தூதர்களை அனுப்பி நேரடி வாணிகம் கேட்டார். கொண்டுவந்த கடிதத்தைப் படிக்கக் கெய்ரோவில் ஆள் கிடைக்காமல், தூதர்களே வாய்மொழியாகச் சொன்னார்கள்.

16. திசைகாட்டியும் வரைபடமும் வந்த பிறகு துறைமுகத் தேவை குறைஞ்சுதா?

குறையவில்லை, பருவம் நீண்டது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காந்த ஊசியும் தோலில் வரைந்த கரைப்படமும் சேர்ந்து பயன்பட்டன. மிஞ்சியவற்றுள் மிகப் பழையது பிசாப் படம் எனப்படுவது. 1270இல் பிரான்சு மன்னர் 9ஆம் லூயி துனிசுக்குப் போகும் வழியில் புயலில் பதறியபோது, மாலுமிகள் படத்தைக் காட்டி சார்டினியாத் தீவின் காக்லியாரி பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று தேற்றினார்கள். மேகம் மூடினாலும் திசை தெரிந்ததால், 3ஆம் கேள்வியில் சொன்ன குளிர்காலத் தடை தளர்ந்தது.

ஆனால் துறை வாயில் படம் உதவாது. அங்கே பழைய ஈயக்குண்டுதான். கயிற்றில் எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம் என்று பார்ப்பார்கள். குண்டின் அடியில் கொழுப்பு தடவியிருப்பதால் ஒட்டிவரும் மணலோ சேறோ எந்த இடம் என்று சொல்லும். வெனிஸின் மணல்திட்டுகள் இடம்மாறுவதால், வரும் கப்பல்கள் இஸ்திரியாக் கரையின் பரென்ஸோவில் நின்று வழிகாட்டியை ஏற்றிக்கொண்டே நுழைந்தன.

17. குவாரன்டைன் முறை அங்கேதான் தொடங்குச்சா?

ஆம். 1347இல் கருங்கடல் பக்கமிருந்து வந்த ஜெனோவாக் காலிகளோடு கொள்ளைநோய் மெசினாவில் இறங்கியது. அதே ஆண்டில் அலெக்சாந்திரியாவிலும். துப்ரோவ்னிக் (அன்றைய ரகூசா) 1377இல் சட்டமே போட்டது: நோயுள்ள ஊரிலிருந்து வருபவர்கள் மர்கான் தீவிலோ சாவ்தாத்திலோ 30 நாள் கழித்த பிறகே நகருக்குள் வரலாம். பிறகு அது 40 நாளானது. இத்தாலியனில் நாற்பதைக் குறிக்கும் சொல்லே இன்றைய பெயர். வெனிஸ் 1423இல் தனித்தீவில் நிரந்தர மருத்துவமனை வைத்தது. எங்கிருந்து வருகிறாய் என்று எழுதும் பழக்கம் (கேள்வி 9) ஏற்கெனவே இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

18. இவ்வளவு பெரிய துறைமுகங்கள் எப்படிச் செத்துப்போச்சு?

பெரும்பாலும் ஆற்று வண்டலால். கான்ஸ்டான்டிநோபிளின் தியோடோசியஸ் துறைமுகம் லிகோஸ் ஓடையின் சேற்றால் தூர்ந்து காய்கறித் தோட்டமானது. 2004இல் ரயில் சுரங்கவேலைக்காக யெனிகாப்பியில் தோண்டியபோது 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான 37 கப்பல்கள் அந்தச் சேற்றிலிருந்து வெளிவந்தன. பிசாவின் துறையும் பிரான்சின் ஏக் மோர்த்தும் அப்படியே. அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் அலை நிற்கும், ஆனால் சேற்றை அடித்துக்கொண்டு போகும் நீரோட்டமும் நின்றுவிடும். வெனிஸ் மட்டும் ஆறுகளையே திருப்பிவிட்டுத் தப்பியது.

19. வாஸ்கோ ட காமா வந்ததும் எல்லாம் முடிஞ்சுதே, அதுதானே உண்மை?

1498க்குப் பிறகு முதல் சில பத்தாண்டுகள் பலமான அடிதான். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் செங்கடல் வழி மிளகு மறுபடி அலெக்சாந்திரியாவுக்கு வந்தது. வெனிஸ் வாங்கிய அளவு பழைய நிலையை எட்டியது.

20. ஒரே கப்பலில் எகிப்திய எடையும் பைசாந்திய ஜாடியும் இருந்தா, அது யாரோட கப்பல்?

செர்ச்சே லிமானிக் கப்பலைத்தான் கேட்கிறார்கள் (கேள்வி 5, 11). சரக்கு ஃபாத்திமிய ஆட்சிப் பக்கத்துக் கண்ணாடி. திராட்சைமது ஜாடிகள் பைசாந்தியம். இவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது, சரக்கு கைமாறும். ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள், எதை அடையாளமாகக் கீறினார்கள் என்று பார்க்க வேண்டும். உள்ளே பன்றி எலும்புகள் கிடைத்தன. ஜாடிகளில் மிகாயேல், லியோன் போன்ற கிறிஸ்தவப் பெயர்களின் கீறல்கள், சிலவற்றில் ஸ்லாவிய சாயல். வலை பின்னும் கருவிகளும் இருந்தன. பைசாந்திய நாட்டில் குடியிருந்த கிறிஸ்தவர்கள், ஃபாத்திமியக் கரைக்குப் போய்ச் சரக்கேற்றி ஊர் திரும்பும் வழியில் ஒரு விரிகுடாவில் ஒதுங்கினார்கள். அங்கே நங்கூரம் முறிந்தது.